பிரிண்டர் உதவி

பார்சல் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அறுபத்திரண்டு கம்ப்யூட்டர்கள். அத்தனைக்கும் வைத்தியம் பார்க்கிறவள் ஒருத்திதான். நாற்பத்து நான்கு வயது. எந்நேரமும் கையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு இருக்கும் என்பதால் சின்னவர்கள் அவளைப் பஞ்சு அக்கா என்றார்கள், பெரியவர்கள் வெறும் பஞ்சு என்றார்கள். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயரை யாரும் பார்த்ததில்லை.

கீபோர்டை மனிதர்கள் என்ன பாடு படுத்துகிறார்கள் என்பது அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நகத்துண்டு விழும். முடி விழும். ரொட்டித் தூளும் அதைத் தின்ன வந்து செத்த எறும்பும் விழும். ஒருமுறை பாதிப் பல் விழுந்தது. பல்லுக்குச் சொந்தக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கணக்குப் பிரிவில் ஒருவர் மூக்கைத் துடைத்த கையாலேயே எண்களைத் தட்டுவார். அவர் எந்த எண்ணை அதிகம் அடிக்கிறார் என்பதைப் பிசுபிசுப்பை வைத்தே பஞ்சு சொல்லிவிடுவாள். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் கதகதப்புக்குக் குடிவந்த கரப்பான்பூச்சிகள் குடும்பத்தோடு இருக்கும். இந்த வேலையில் பன்னிரண்டு வருஷம் போயும் அருவருப்பு அவளுக்குப் பழகவில்லை. பழகாமலே செய்துகொண்டிருந்தாள்.

அவளுடைய கணவர் குழாய் வேலைக்காரர். நகரத்தின் பாதி வீட்டுக் கழிவுநீர் அவர் முழங்கையைத் தாண்டித்தான் போயிருக்கும். சாயங்காலம் வந்து குளித்துவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் மனிதர் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார். அவளோ பிசைந்துகொண்டே இருப்பாள். அவர் கேலி செய்வார்: “சாக்கடைல கைய விட்டது நானு. சாப்பிட முடியாம உக்காந்திருக்கிறது நீயா?”

அழுக்கைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். பொய்யைத்தான் பொறுக்க மாட்டாள். மேசையெல்லாம் காப்பி வழிந்திருக்கும்போதே, “நான் ஒண்ணுமே பண்ணலையே, அதுவா நின்னுபோச்சு” என்பார்கள். அப்போது அவளுக்கு எதிரில் நிற்பவரின் வாயையே பஞ்சால் துடைக்க வேண்டும் போலிருக்கும்.

இந்த ஊத்தைக் கூட்டத்தில் ஒரே ஒருவரிடம் அவளுக்கு மரியாதை இருந்தது. அலுவலக மேலாளர். தன் மேசையைத் தானே துடைப்பார். அவருடைய கீபோர்டைக் கவிழ்த்தால் தூசிகூட விழாது. யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார், பெண்கள் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவார். சுத்தமான மனுஷன் என்று வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்குப் புகார்ப் பிரிவிலிருந்து போன் வந்தது. இரண்டாம் மாடியின் கோடியில் ஒரு அறை, ஒரு மேசை, ஒரு அம்மா. இதுதான் புகார்ப் பிரிவு. உடைந்த பார்சல், நனைந்த பார்சல், போன இடமே தெரியாத பார்சல் என்று வருகிற கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுவது அந்த அம்மாவின் வேலை. ஊரார் திட்டை முப்பது வருஷமாக வாங்கிக்கொண்டு பதமாகப் பதில் எழுதியவர். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. வாடிக்கையாளர்கள் நேரில் வந்து கத்தினால் பூட்டிக்கொள்ளட்டும் என்று அந்தத் தளத்திலேயே அந்த ஒரு கதவுக்கு மட்டும் உள்தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

“பாஸ்வேர்டு போட்டா உள்ள போகுதும்மா” என்றார் போனில். “போயி ஒரே இருட்டு. அம்பு மட்டும் நிக்குது. மேலாளர்கிட்ட சொன்னேன், உன்னக் கூப்பிடச் சொன்னாரு.”

படியேறும்போது மேலாளரே எதிரில் வந்தார். வழக்கம்போல் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல் நின்று, அது பழைய மெஷின், நோண்டிக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிக் கொடுத்துவிடுங்கள் என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டுத்தான் அவள் மேலே போனாள். அப்படியே செய்துமிருப்பாள். அரைமணி வேலை.

ஆனால் புகார்க்கார அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்த மாதத்துப் பதில் கடிதங்கள் நூற்று நாற்பது உள்ளே இருக்கின்றன, பாதி எழுதியும் பாதி எழுதாமலும். வேறெங்கும் நகல் இல்லை என்றார். அழித்தால் அத்தனையும் போய்விடும். பஞ்சு பெருமூச்சு விட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதலில் கீபோர்டைத் துடைத்தாள். அந்த அம்மா சுத்தக்காரிதான். பஞ்சில் கொஞ்சம் முகப்பவுடர் மட்டும் ஒட்டியது.

பாஸ்வேர்டை அடித்தாள். ஏற்றுக்கொண்டது. வட்டம் சுற்றியது. பிறகு கறுப்புத் திரையும் நடுவில் வெள்ளை அம்பும். மவுஸை நகர்த்தினால் அம்பு நகர்ந்தது, ஆகவே மெஷின் சாகவில்லை. அந்த அம்மாவின் கணக்கில்தான் கோளாறோ என்று வெளியே வந்து தன் சொந்தக் கணக்கில் நுழைந்து பார்த்தாள். அதே இருட்டு. டாஸ்க் மேனேஜரை வரவழைத்து, அதன் வழியாக முகப்புத் திரையைக் கிளப்பிப் பார்த்தாள். கண்ணிமைக்கிற நேரம் தெரிந்துவிட்டு மறைந்தது. உள்ளே நுழைந்ததும் தானாகக் கிளம்புகிற ஏதோ ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

அடுத்து சேஃப் மோடில் எழுப்பினாள். அவசியமானதை மட்டும் உள்ளே விட்டு மற்றதையெல்லாம் வாசலில் நிறுத்திவைக்கிற முறை அது. திரை ஒழுங்காக வந்தது. கடிதங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அவற்றை ஒரு பென் டிரைவில் எடுத்துக் கொடுத்ததும் அந்த அம்மாவுக்கு உயிர் வந்தது. டீ வாங்கி வருகிறேன் என்று கீழே போனார்.

அப்போதுதான் ஓரத்தில் சிவப்புக் கோடு ஒன்று பஞ்சுவின் கண்ணில் பட்டது. டிஸ்க்கில் இம்மிகூட இடம் இல்லை. அதனால்தான் மெஷின் எழ முடியாமல் முழி பிதுங்கியிருக்கிறது. கடிதம் எழுதுகிற மெஷின் எப்படி நிரம்பும்? முப்பது வருஷக் கடிதத்தைக் கொட்டினாலும் ஒரு மூலைக்குக் காணாது. இடத்தை அடைத்திருப்பது எது என்று தேடிக்கொண்டே போனாள். கடைசியில் ‘பிரிண்டர் உதவி’ என்று பெயர் போட்ட ஒரு ஃபோல்டரில் வந்து நின்றாள். அந்த அறையில் பிரிண்டரே கிடையாது.

திறந்தாள். படங்கள். பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் படங்கள்.

எல்லாம் அந்த அறைதான். கிளை அலுவலகங்களோடு பேசுவதற்காகத் திரைக்கு மேலே ஒரு கேமராவை வைத்திருந்தார்கள். ஓடுகிறது என்று காட்ட எரிகிற விளக்குகூட இல்லாத மலிவுச் சரக்கு. அது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்துத் தள்ளியிருந்தது. புகார்க்கார அம்மா கொட்டாவி விட்டார். காதைக் குடைந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார், எதற்கு அழுதாரோ. யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு மனுஷி செய்கிற சின்னச் சின்னக் காரியங்களெல்லாம் தேதி வாரியாக, மணி வாரியாக அடுக்கியிருந்தன. பஞ்சுவுக்கு முதுகு கூசியது.

அந்த ஃபோல்டருக்குள் சின்னதாக இன்னொரு ஃபோல்டர் இருந்தது. யாரோ பொறுக்கி எடுத்துத் தனியாக வைத்தது. அதற்கு ‘நல்லவை’ என்று பெயர்.

அதில் ஒரே ஒரு படத்தைத் திறந்தாள். தாழ்ப்பாள் போட்ட கதவு. நாற்காலியில் ரசீதுப் பெண். மேசைமேல் பால் எடுக்கிற பம்ப்பும் சின்ன பாட்டிலும்.

உடனே மூடினாள். மூடியும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ரசீதுப் பெண் என்பது கீழ்த்தளத்தில் ரசீது போடுகிறவள். இருபத்தாறு வயது. பிரசவ விடுப்பு முடிந்து வந்த முதல் வாரம் பால் கட்டிக்கொண்டு கழிவறையில் நின்று அழுதவளைக் கண்டுபிடித்தது பஞ்சுதான். மத்தியானம் ஒன்றிலிருந்து ஒன்றரைவரை புகார்க்கார அம்மா கீழே சாப்பிடப் போவார். அந்த நேரத்துக்கு அறையை வாங்கிக் கொடுத்ததும் பஞ்சுதான். தாழ்ப்பாள் இருக்கு, பயப்படாம இரு என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அதோடு போகவில்லை. ‘பிரிண்டர் உதவி’ என்ற பெயரை முன்பு எங்கே பார்த்தோம் என்பது அவளுக்கு மெல்ல நினைவுக்கு வந்தது. எட்டு மாதம் முன்பு மேலாளர் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, பிரிண்டருக்கான புதுப் பதிப்பு, இரண்டாம் மாடி மெஷின்களில் ஏற்றிவிடுங்கள் என்றார். என்ன ஏது என்று திறந்துகூடப் பார்க்காமல் பன்னிரண்டு மெஷின்களிலும் வரிசையாக ஏற்றியவள் அவள். வேறு யார் கொடுத்திருந்தாலும் நோண்டிப் பார்த்திருப்பாள். அவர் சுத்தமான மனுஷன் அல்லவா.

பாதிப் பல்லைக் கையால் பொறுக்கி எடுத்தபோதும், எலி செத்துப் புழுத்த பெட்டியைக் கழுவியபோதும் அவள் வாந்தி எடுத்ததில்லை. அன்று கழிவறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவினாள். கையைக் கழுவினாள். அந்தக் கைதான் அதை ஏற்றியது என்று தோன்றவே மறுபடியும் கழுவினாள்.

திரும்பி வந்து மிச்சத்தையும் பார்த்தாள். படங்களின் நகல் எந்த மெஷினுக்குப் போகிறது என்று அமைப்பிலேயே எழுதியிருந்தது: மேலாளர் அறை. கேமரா வைத்த மெஷின்கள் அந்தத் தளத்தில் மூன்று. திறந்த கூடத்தில் இருந்த இரண்டிலும் இந்த வேலையை நிறுத்தி வைத்திருந்தார். தாழ்ப்பாள் இருந்த அறையில் மட்டும் ஓடவிட்டிருந்தார்.

கதவில் நிழல் விழுந்தது. மேலாளர் நின்றுகொண்டிருந்தார். திரையில் என்ன இருக்கிறது என்பதை ஒரு நொடி பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

“அழிச்சிடுங்கன்னு சொன்னேன்ல?”

“இது என்ன சார்?”

“வேலை பாக்கறாங்களான்னு பாக்கறதுக்கு. எல்லா ஆபீஸ்லயும் இருக்கறதுதான்.”

“நல்லவைன்னு பேரு வச்சிருக்கீங்களே. அதுவும் வேலை பாக்கறதுதானா?”

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தப் போனார். சாத்தாதீங்க என்றாள் அவள். குரல் உயரவில்லை என்றாலும் அவர் கை நின்றது. பிறகு அவர் தணிந்த குரலில், இதில் உங்கள் பங்கும் இருக்கிறது, பதிவேட்டில் ஏற்றியவர் பெயர் என்று உங்கள் பெயர்தான் இருக்கும், பிரிண்டர் கோளாறு என்று எழுதிவிட்டு அழித்துவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது என்றார். பேசும்போதே சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார். அந்த விரல்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இவரைப் போய் மெச்சினோமே என்று தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

“பேரு இருந்தா இருக்கட்டும் சார். போங்க” என்றாள்.

அவர் போனதும் அவள் சுறுசுறுப்பானாள். மெஷினை அணைத்தாள், எதையும் அழிக்கவில்லை. டீயோடு வந்த புகார்க்கார அம்மாவை வாசலிலேயே நிறுத்தி, அறையைப் பூட்டி, சாவியை அவர் கையில் திணித்தாள். நேராக வயர்கள் குவிகிற சின்ன அறைக்குப் போய், மேலாளர் அறைக்குச் செல்கிற கம்பியைப் பிடுங்கினாள். தன் அறையில் உட்கார்ந்து இந்த மெஷினைத் தொட அவருக்கு இனி வழியில்லை.

பிறகு படிக்கட்டில் நின்று அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தான் ஏற்றியதையும் சேர்த்து. அந்த அம்மாவின் கையிலேயே டீ ஆறி ஆடை படிந்தது. கடைசியில், “நான் அழுததும் இருக்கா?” என்றார். இருக்கிறது என்றாள் பஞ்சு. அவர் டீயைப் படியிலேயே வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாள் கேட்டார்.

முப்பது வருஷமாக மற்றவர் புகாருக்குப் பதில் எழுதிய கை, அன்று முதல்தடவையாகப் புகார் எழுதியது. ஒன்றரைப் பக்கம். பூசி மெழுகாமல் தேதி, மணி, அறை, ஃபோல்டரின் பெயர் எல்லாம் எழுதி, முதலாளிக்கு என்று போட்டு, அடியில் நகல் காவல் நிலையத்துக்கு என்று எழுதினார். உன் பெயரையும் எழுத வேண்டியிருக்கிறது என்று பஞ்சுவிடம் சொன்னார். எழுதுங்கள் என்றாள். ஆனால் அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் அனுப்பக் கூடாது என்று இருவரும் நினைத்தார்கள். யார் சொல்வது என்று பேசிக்கொள்ளவே இல்லை. பஞ்சு எழுந்து போனாள்.

ரசீதுப் பெண்ணைப் பின்பக்க வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண் சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

“எத்தனை நாளாக்கா?”

“நீ லீவு முடிஞ்சு வந்ததிலேருந்து.”

“யாரு பாத்தாங்க?”

“அவரு பாத்திருக்காரு. நான் ஒண்ணு பாத்தேன். என்னன்னு தெரியாம திறந்தேன், உடனே மூடிட்டேன்.”

அந்தப் பெண் நகத்தில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். பிறகு, “அத அங்க யாரு போட்டா?” என்றாள்.

பஞ்சு வாயைத் திறந்தாள்.  பென் டிரைவை அவர் கொடுத்தார், பிரிண்டர் என்று பொய் சொன்னார் என்று சுற்றி வளைத்து ஆரம்பித்தாள். காப்பியைக் கொட்டிவிட்டு நிற்பவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டாள்.

“நான்தான் போட்டேன். திறந்து பாக்காம போட்டேன்.”

அந்தப் பெண் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அடிக்கவில்லை, ஏசவில்லை. இரண்டு கைகளாலும் தன் மார்பை மறைத்துக்கொண்டு, பஞ்சுவைத் தொடாமல் சுவரோரமாக நகர்ந்து உள்ளே போனாள். ஐந்து நிமிஷத்தில் பையை எடுத்துக்கொண்டு வந்து, புகார்க்கார அம்மாவின் தாளில் தன் கையெழுத்தையும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது பஞ்சு கணவரிடம் சொன்னாள். அவர் முதல்தடவையாகச் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினார். மேலாளரைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. ஆத்திரம் அடங்கியதும் குடும்பக் கவலை வந்தது. “நீதான் ஏத்துனேன்னு சொல்லித்தான் ஆகணுமா? தெரியாம நடந்தது. வேலை போயிடுமே.”

“சொல்லியாச்சு” என்றாள் அவள். “சொல்லாம இருந்திருந்தா அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?”

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு, அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

முதலாளி மறுநாள் காலை மூன்று பேரையும் கூப்பிட்டார். ரசீதுப் பெண் வரவில்லை. வந்த இருவரையும் உட்காரச் சொல்லி மிகவும் வருத்தப்பட்டார். மேலாளரை வேலையைவிட்டு அனுப்பிவிடுகிறேன், ஆனால் கம்பெனிப் பெயர் கெடாமல் நமக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாமே என்றார். அந்தப் பெண்ணுக்கும் அதுதானே கௌரவம் என்று கேட்டார். பஞ்சுவுக்கு அந்த மேசைமீதிருந்த கண்ணாடியை உடைக்கலாம் போலிருந்தது. புகார்க்கார அம்மா மட்டும் நிதானமாக, நகல் நேற்று மத்தியானமே போய்ச் சேர்ந்துவிட்டது சார், போலீஸ்காரர்கள் பதினோரு மணிக்கு வருகிறார்கள் என்றார்.

பதினோரு மணிக்கு வரவில்லை, பன்னிரண்டரைக்கு வந்தார்கள். புகார்ப் பிரிவு மெஷினையும் மேலாளர் மெஷினையும் எடுத்துப் போனார்கள். மேலாளர் மெஷினில் வேறு ஊர்க் கிளையில் வேலை பார்த்த காலத்துப் படங்களும் இருந்தனவாம். அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது கூடமே எழுந்து நின்று பார்த்தது. அவர் யார்மேலும் இடிக்காமல் ஒதுங்கி நடந்தார்.

பதினேழு நாளில் ஜாமீனில் வந்துவிட்டார். வழக்கு இழுத்துக்கொண்டு கிடந்தது. பஞ்சுவுக்கு வேலை போகவில்லை. கவனக்குறைவு என்று ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அலுவலகத்தில் சிலர் அவளிடம் முன்னைவிட மரியாதையாகப் பேசினார்கள். சிலர் தங்கள் மெஷின் நின்றுபோனால்கூட அவளைக் கூப்பிடாமல் தாங்களே அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு வகையினரையும் அவள் குறை சொல்லவில்லை. புகார்ப் பிரிவுக்கு வந்த புது மெஷின் இப்போது நுழைந்ததும் எழுந்தது. அந்த அம்மா திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கையாலேயே கடிதம் எழுதிவிட்டு, தட்டச்சுக்கு மட்டும் திரும்பினார்.

ரசீதுப் பெண் வேலைக்குத் திரும்பவில்லை. மூன்று மாதம் கழித்துப் பஞ்சு அவள் வீட்டைத் தேடிப் போனாள். அந்தப் பெண் கதவைப் பாதி திறந்து, உள்ளே குழந்தை தூங்குகிறது என்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்றாள் பஞ்சு.

“நீங்க தெரிஞ்சு பண்ணலன்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா உங்களப் பாத்தா அந்த ரூம்தான் ஞாபகம் வருது. இனிமே வராதீங்க.”

சரிம்மா என்று சொல்லிவிட்டுப் பஞ்சு திரும்பி நடந்தாள். அதன்பிறகு போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்துச் சாட்சி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நீதிமன்ற வராந்தாவில் ஒரே பெஞ்சின் இரண்டு கோடியில் பஞ்சுவும் ரசீதுப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள், பேசிக்கொள்ளவில்லை. உள்ளே மேலாளரின் வக்கீல் ரசீதுப் பெண்ணிடம் வளைத்து வளைத்துக் கேட்டது திறந்த கதவு வழியாகப் பஞ்சுவின் காதிலும் விழுந்தது. அந்த மென்பொருளை ஏற்றியது இந்தப் பஞ்சு என்கிற அம்மாதானே, என் கட்சிக்காரர் அதைத் தொடக்கூட இல்லையே, அப்படியானால் குற்றம் யாருடையது என்றார்.

அந்தப் பெண் கொஞ்சமும் தடுமாறவில்லை.

“போட்டது அவங்கதான்” என்றாள். “வந்து சொன்னதும் அவங்கதான். போடச் சொல்லிட்டு ஒக்காந்து பாத்தது அதோ நிக்கிறாரே, அவரு. மூணையும் எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார்கள். அடுத்த தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் அந்தப் பெண் யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோ பிடித்துப் போனாள். பஞ்சு வராந்தாத் தூணோரம் கொஞ்ச நேரம் நின்றாள். அந்தப் பெண் சொன்னதில் ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. மத்தியான வேலைக்கு இன்னும் நேரம் இருந்தது. பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.